கிடார் இரைச்சலுக்குக் கதவு போட்டால் போதுமா?

எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள் பலர், ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்டதும் நாய்ஸ் கேட் பெடல் வாங்க ஓடுகிறார்கள். அது வெறும் கதவுதான். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். வாசிக்கத் தொடங்கினால் திறக்கும். இரைச்சலும் கூடவே நுழையும். அளவைக் கூட்டி வைத்தாலோ, மெல்லத் தேயும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடும்.

மூலத்தைப் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப், மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை ஆன்டெனா போல இழுக்கிறது. ஒரு சுருளின் இரைச்சலை மறுசுருள் அழிக்கும் ஹம்பக்கருக்கு, கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

முதலில் நல்ல கேபிள், எல்லாக் கருவிக்கும் ஒரே பிளக் பாயிண்ட், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சற்று விலகல். கேட் கடைசியில்தான். எர்த் பின்னை மட்டும் பிடுங்கவே கூடாது. இரைச்சலோடு உயிரும் போகலாம்!