இரண்டு அளவைகள்

பொங்கலூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் பெண்கள் வேன்களில் ஏறித் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் கருவுற்றவர்களும் உண்டு. அவர்கள் கைபட்டுக் கப்பலேறும் சட்டைக்கு ஐரோப்பாவில் ஒரு சட்டம் காத்திருக்கிறது. துணியை அலசப் பயன்படும் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் அதில் 0.01 விழுக்காட்டை எட்டினால், 2021 பிப்ரவரி முதல் அங்கே அதற்கு இடமில்லை. காரணம்? துவைக்கும்போது அது ஆற்றில் கலந்து, சிதைந்து, பெண்மை ஹார்மோனைப் போல் நடித்து மீன்களைக் கெடுக்கிறது! அச்சு மையை இளக்கும் தாலேட்டுகள் சிலவற்றுக்கும் 2020 முதல் 0.1 விழுக்காடு வரம்பு உண்டு.

அந்நாட்டு மீனுக்குக் கிடைத்த காவல், நம் தாய்மாரின் வயிற்றுப் பிள்ளைக்கு எங்கே?

ஹார்மோன் என்பது உடலுக்குள் செல்லும் கட்டளை. கருவின் மூளையில் நரம்பணுக்கள் எங்கே சென்றமர்வது, எதனோடு இணைவது என்பதைத் தைராய்டு ஹார்மோன் நெறிப்படுத்துகிறது. தொடக்க மாதங்களில் அதனைத் தாயே வழங்கியாக வேண்டும். அக்கட்டளையைக் குலைக்கும் பொருள் சிறிதளவு புகுந்தாலும், பிறக்கும் குழந்தையிடம் ஊனம் தென்படாமலிருக்கலாம். ஆண்டுகள் கழித்துக் கவனச் சிதறலாக, ஓயாத பரபரப்பாக அது வெளிப்படலாம். கருவுற்ற காலத்தில் உடலில் புகுந்த தாலேட்டுக்கும் பிள்ளைகளின் இத்தகைய நடத்தைக்கும் தொடர்பிருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் பல கண்டுள்ளன. நாமோ ‘அடங்காப் பிள்ளை’ என்று பிரம்பைத் தேடுகிறோம்.

துடுக்கான பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பட்டறையே காரணம் என்று நாம் கூறவில்லை. ‘ஐயமற மெய்ப்பித்துவிட்டு வாருங்கள்’ என்போருக்கு நொய்யலே விடை. ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அங்கே நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. உப்பு நாவுக்குத் தெரிந்தது. இந்த நஞ்சோ இரண்டுக்கும் தெரியாது.

எனவே நாம் கேட்பது இவ்வளவே: மை டப்பாவிலும் ரசாயனப் பீப்பாயிலும் இருப்பது என்னவென்று தமிழில் எழுதுங்கள். கருவுற்ற பெண்ணைக் கூலி குறைக்காமல் அச்சுப் பிரிவிலிருந்து மாற்றுங்கள். ஏற்றுமதிச் சட்டைக்குரிய வரம்பை உள்ளூர்ச் சட்டைக்கும் உரியதாக்குங்கள்.

அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே திருமறையில் ஓர் அத்தியாயம் இறங்கியது. வாங்குவோன் நாட்டுக்கு ஓர் அளவை, உழைப்பவள் வயிற்றுக்கு ஓர் அளவை என்பதும் அந்த மோசமே. தொழில் நடத்தும் நம் சமுதாயத்துச் செல்வந்தர்களும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளை இறைவன் தந்த அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும்.