நார்மலைஸ் பட்டன் என்ன மந்திரிச்ச விபூதியா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காட்டமான பதிவு. வீடியோ எடிட் பண்றவங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

திண்டுக்கல்லைச் சுத்தி ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நத்தம்னு எந்த ஊர்க் கல்யாண வீடியோவைப் போட்டாலும் ஒரே கதைதான். பெரியவங்க வாழ்த்துறது காதுல விழாது. ரிமோட்ல சத்தத்தை ஏத்தினா, அடுத்த காட்சில தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து செவிப்பறையைக் கிழிக்கும். எடிட்டரைக் கேட்டா பதில் ரெடி: "நார்மலைஸ் போட்டாச்சுங்க."

போட்டீங்க சரி. அது என்ன செய்யும்னு தெரியுமா?

சாதாரண நார்மலைஸ் பார்க்கிறது கிளிப்போட உச்சத்தை மட்டும்தான். ஒரு கிளிப்ல பேச்சு மைனஸ் 30 டெசிபல்ல இருக்கு, நடுவுல ஒரு வெடி மைனஸ் 1ஐத் தொடுதுன்னு வைங்க. பக்கத்து கிளிப் முழுக்க மேளம், அதுக்கும் உச்சம் மைனஸ் 1. சாஃப்ட்வேர் கணக்குல ரெண்டும் சமம்! எதையும் அசைக்காது. நம்ம காது உச்சத்தை வச்சு சத்தத்தை அளக்குறதில்லை, மொத்தமா எவ்வளவு சத்தம்னுதான் பார்க்குது.

இதுக்காகவே சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ல பி.எஸ். 1770ன்னு ஒரு அளவுமுறை கொண்டு வந்துச்சு. எல்.யு.எஃப்.எஸ்.னு சொல்றது அதுல வர்ற அளவுதான். ஆடாசிட்டில 'நார்மலைஸ்' வேற, 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' வேற. டாவின்சி ரிசால்வ்ல நார்மலைஸ் பெட்டிக்குள்ளயே 1770 முறையைத் தேர்ந்தெடுக்கலாம். காசு கூடக் கேக்காத சாஃப்ட்வேர்ல இருக்கிறதை யாருமே திறந்து பார்க்கலைன்னா எப்படிங்க?

சத்தம் அதிகமான கிளிப் வந்தா முதல்ல அலைவடிவத்தைப் பெருசாக்கிப் பாருங்க. உச்சி சீவின மாதிரி தட்டையா இருந்தா ரெக்கார்டிங்லயே போச்சு. டிஜிட்டல்ல 0தான் கூரை, அதுக்கு மேல போனது வெட்டுப்பட்டுரும். வால்யூமைக் குறைச்சா சின்னதாக் கரகரக்கும், அவ்வளவுதான். டீகிளிப் கருவி போனதை ஊகிச்சு ஒட்டுப்போடும், திருப்பித் தராது.

உச்சி நல்லாருந்தா பிழைச்சீங்க. பேச்சையும் மேளத்தையும் தனித்தனியா வெட்டுங்க. ஒவ்வொண்ணையும் லவுட்னஸ் பார்த்து சமன் பண்ணுங்க, கடைசில ஒரு லிமிட்டரை மைனஸ் 1ல வைங்க. ஒரே கிளிப்னு மொத்தமா நார்மலைஸ் குடுத்தா எந்த முறையும் உதவாது.

பாதி வினை மண்டபத்துலயே நடக்குது. மைக் செட்காரர் மிக்சரோட லைன் அவுட்டை நேரா கேமரா மைக் ஓட்டையில சொருகுறது. ஆட்டோ கெயினை நம்பி விடுறது. மேளம் அடிச்சதும் அது சத்தத்தை அமுக்கும், மேளம் நின்னதும் ஃபேன் இரைச்சலைத் தூக்கும். மேனுவல்ல மைனஸ் 12 பக்கம் உச்சம் வர்ற மாதிரி வச்சு, காதுல ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டா தீர்ந்துச்சு. ட்ரோன் பறக்கவிடத் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய வித்தையா?

"இந்த ரேட்டுக்கு இவ்வளவுதான்"னு ஒரு சாக்கு சொல்வாங்க. மைக்குக்கு வேணா காசு ஆகும். கெயின் திருகைக் குறைக்க என்ன காசு?

படம் மங்கினாக்கூட ஆல்பத்துல முகம் இருக்கும். குரலுக்கு அந்த வீடியோ ஒண்ணுதான். அன்னிக்கு வாழ்த்தின தாத்தா மறுபடி வந்து பேசித் தரப் போறதில்லைங்க.