ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டரா? மின்சாரக் காரும் நம் தராசும்



மின்சாரக் கார் வாங்கலாமா என்ற கேள்வி, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும்போது வாரந்தோறும் என்னிடம் வருகிறது. மார்க்கம் படித்தவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று தொடக்கத்தில் எனக்கு வியப்பாக இருந்தது. கேட்பவர்களின் பேச்சைக் கூர்ந்து கவனித்தபின் வியப்பு அகன்றது. இந்த வாகனத்தைச் சுற்றி நடக்கும் பேச்சில் பாதி கொடுக்கல் வாங்கல் பற்றியது. மீதிப் பாதி வாய்மை பற்றியது. இரண்டும் மார்க்கத்தின் எல்லைக்குள் அடங்குபவைதாம்.

முதலில் தூரக் கணக்கு. டாட்டா நிறுவனம் டியாகோ மின்சாரக் காரை 2022 செப்டம்பரில் வெளியிட்டபோது, 24 யூனிட் பேட்டரி கொண்ட வகைக்கு ஒரு முழு சார்ஜில் 315 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. 24 யூனிட்டை 315ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 76 வாட்-மணி வருகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் ஏசி போட்டு, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் எந்தக் காரும் அவ்வளவு குறைவாக உண்பதில்லை. 120 முதல் 140 வரை ஆகும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தினால் அதற்கும் மேல். ஆக, 315 என்பது நம் கைக்கு வரும்போது 170, மிஞ்சினால் 190.

அப்படியானால் 315 என்பது பொய்யா? இல்லை. அது சோதனைக்கூட எண். கார் சாலையில் செல்வதில்லை. உருளைகளின்மேல் நிற்க, சக்கரங்கள் மட்டும் சுழலும். ஏசி அணைந்திருக்கும். வேகம் 90ஐத் தாண்டாது. சராசரி வேகமோ ஏறத்தாழ 32 கிலோமீட்டர்தான். அரசு ஏற்ற சோதனை, அரசு ஏற்ற எண். “அப்படியிருக்க எங்கள் மீது என்ன குற்றம்?” என்று விற்பவர்கள் கேட்கிறார்கள்.

மதீனாவின் சந்தையில் நடந்த நிகழ்ச்சியை இவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுதலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தியை மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மேலே இருந்த உலர்ந்த தானியம் போலி அன்று. அதுவும் உண்மைத் தானியமே. உள்ளிருந்ததை மறைத்ததுதான் குற்றம். 315 என்பது மேலே தெரியும் உலர்ந்த தானியம்.

நீதியாகச் சொல்ல வேண்டுமெனில், அதே நிறுவனம் 2024 முதல் மற்றொரு எண்ணையும் வெளியிடத் தொடங்கியது. 45 யூனிட் நெக்ஸானின் சோதனைக்கூட எண் 489. நான்கில் மூன்று பங்கு வாடிக்கையாளர்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது என்று நிறுவனமே சொன்னது 350 முதல் 370. ஈரத்தைத் தானே மேலே எடுத்து வைத்த செயல் அது, பாராட்டுகிறேன். ஆனால் யூடியூபில் கார் விமர்சனம் செய்யும் நம் தம்பிமார்கள் தலைப்பில் எதைப் போடுகிறார்கள்? பெரிய எண்ணைத்தான். ஒருநாள் இரவல் காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாளாக ஓட்டிவிட்டு, “ஃபேமிலிக்கு ஏற்ற கார்” என்று தீர்ப்பளிக்கிறார்கள். குடும்பம் எங்கே இருந்தது அந்தக் காரில்? சாட்சியம் சொல்பவர் தாம் கண்டதற்கு மட்டுமே சாட்சி சொல்ல வேண்டும்.

மறுபக்கம் தேநீர்க்கடை வல்லுநர்கள் இருக்கிறார்கள். “மின்சாரக் கார் மலை ஏறாது, வெள்ளிமலைக்குப் போனால் கட்டி இழுத்துத்தான் வரணும்” என்பது இவர்களின் ஃபத்வா. இதுவும் கணக்குப் பாராத பேச்சே. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். காரின் எடை 1,400 கிலோ, ஐந்து பேர் 300 கிலோ, மொத்தம் 1,700. இதனை 600 மீட்டர் உயரத்திற்குத் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 2.8 யூனிட். மோட்டாரில் இழப்பு சேர்த்தாலும் மூன்றரையைத் தாண்டாது. மலையேற்றத்திற்கென்று கூடுதலாகச் செலவாவது அவ்வளவே. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் பாதியளவு பேட்டரிக்குத் திரும்புகிறது. உறவினர் ஒருவரின் காரில் நாங்கள் இறங்கிவந்தபோது மீட்டரில் தூரம் குறையாமல் கூடிக்கொண்டே வந்ததைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினார்கள். போகவர எல்லாம் சேர்த்து 12 முதல் 13 யூனிட். சிறிய பேட்டரியிலும் பாதிதான். கிளட்ச், கியர் என்ற போராட்டம் இல்லாமல் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும் சுகத்தைப் பெட்ரோல் கார் தராது. ஓர் எச்சரிக்கை மட்டும்: மேலே தங்கி நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்திற்கு இடமிருக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழும்.

(மலை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கெடுத்தது. சாலைக்காக நீதிமன்றம் பேச வேண்டியிருந்த மலை அது. அங்கே டிரோன் பறக்கவிட்டுக் கார் படம் எடுப்பவர்கள், அந்தக் காட்சியில் நடந்து செல்லும் மனிதர்களையும் ஒரு கணம் பார்க்கட்டும்.)

மலையை அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது நள்ளிரவை. நம் மாவட்டம் 2019இல் உருவாகி, பின்னர் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எனினும் சிக்கலான நோயாளி என்றால் இன்றும் புதுச்சேரி ஜிப்மருக்கோ சேலத்திற்கோ செல்ல வேண்டிவருகிறது. ஜிப்மர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மாலையில் ஊர் சுற்றிவிட்டு முப்பது சதவீதத்தில் நிறுத்திய காரை இரவு இரண்டு மணிக்கு எடுத்தால், விழுப்புரத்திற்கு முன்பே சார்ஜரைத் தேட வேண்டும். வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் முழுதாக ஏற எட்டு ஒன்பது மணி நேரம். ஆகவே வீட்டில் கர்ப்பிணியோ இதய நோயாளியோ இருக்க, இருப்பது ஒரே வாகனம் என்றால், இரவு இஷாவுக்குப் பின் சார்ஜில் போடுவதைத் தொழுகையைப் போல் நேரம் தவறாத வழக்கமாக்க வேண்டும். அந்த ஒழுங்கு நம் வீட்டில் நிற்காது என்று நினைப்பவர் இந்தக் காரை வாங்க வேண்டாம். இதை எந்த விமர்சன வீடியோவும் சொல்லவில்லை.

எர்த் சரியில்லாத பழைய வீட்டில் எந்த மின்வாகனத்தையும் செருகாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். காருக்கெனத் தனி வயர், தனி எம்சிபி, தரமான எர்த் குழி. இந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி, “ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர்” என்ற பேச்சு. இது பெருமளவு உண்மை. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜரில் ஆகும் இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்திற்கு 360 யூனிட் கூடும். வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 300 என்றால் மொத்தம் 660. தமிழகத்தில் 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் என்பதையும், கீழ்ப்படியில் கிடைத்த சலுகை பறிபோவதையும் சேர்த்தாலும், கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெட்ரோல் காரில் அது ஆறரை ரூபாய்க்கு மேல். மாதம் சுமார் 6,500 ரூபாய் மிச்சம்.

அந்த மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. பத்து இலட்சம் ரூபாயை 9 சதவீத வட்டிக்கு ஏழாண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் 16,089 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் மூன்றரை இலட்சம். நான்கரை ஆண்டுகள் பெட்ரோலில் மிச்சம் பிடித்தது முழுவதும் வட்டிக்காரனுக்கே. “பெட்ரோல் காருக்கும் அதே வட்டிதானே, ஹழ்ரத்?” என்று கேட்கிறார்கள். ஆம், அங்கும் ஹராம், இங்கும் ஹராம். ஆனால் அங்கே யாரும் சிக்கனம் என்ற பெயரில் அதை நியாயப்படுத்துவதில்லை. மேலும் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மின்சாரக் காருக்கு முன்போலவே 5. விலை இடைவெளி கூடியிருக்கிறது. பழைய கணக்கைக் கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

பேட்டரியை மட்டும் வாடகைக்குத் தரும் முறையும் வந்துள்ளது. எம்ஜி வின்ட்சர் 2024இல் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று தொடங்கியது. வாடகை அடிப்படையில் ஆகுமானதுதான். ஆனால் அந்த மூன்றரையோடு மின்கட்டணத்தைச் சேர்த்தால் நாலரையைத் தாண்டும். ஒரு ரூபாய்க் கதை அங்கே முடிந்தது. ஓட்டாத மாதத்திற்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, தாமதமானால் வட்டி சேருமா என்று ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, ஓர் ஆலிமிடம் காட்டிய பின்னரே முடிவெடுங்கள்.

கடைசியாக, என்னை உண்மையில் எழுதத் தூண்டிய செய்தி. “வீட்டில் ஏன் போட வேண்டும், தோட்டத்து மோட்டார் லைனில் போட்டால் காசே இல்லை” என்று ஆலோசனை சொல்கிறார்கள். விவசாய இணைப்பு பயிருக்குத் தண்ணீர் இறைக்க மக்கள் பணத்தில் அரசு தரும் அமானிதம். அதில் காரைச் செருகுவது சட்டப்படி முறைகேடு, மார்க்கப்படி மோசடி. இன்னும் சிலர் பள்ளிவாசல், மத்ரஸா பிளக்கையே நாடுகிறார்கள். “இஃதிகாஃபில் செல்போன் சார்ஜ் போடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே” என்பது வாதம். ஒன்றல்ல. காரின் 20 யூனிட்டில் ஆயிரத்திற்கு மேற்பட்ட கைபேசிகளை நிரப்பலாம். வழக்கத்தில் பொறுத்துக்கொள்ளப்படும் அற்பப் பயன்பாடு வேறு, வக்ஃபின் பொருளைக் கொண்டு சொந்த வாகனத்தை ஓட்டுவது வேறு. சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அணைத்ததாக மேடையில் உருக்கமாகச் சொல்கிறோம். இறங்கிவந்து, பள்ளிவாசலின் பிளக்கில் காரைச் செருகலாமா?

வெளியூரிலிருந்து வரும் பயணிக்கு உண்மையாகவே சார்ஜ் தேவைப்படலாம். அதற்கு வழி இருக்கிறது. ஜமாஅத் கூட்டத்தில் வைத்து முடிவெடுத்து, தனி மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கட்டும்; வரும் தொகைக்கு முத்தவல்லி ரசீது கொடுக்கட்டும். அதுவரை பள்ளிவாசல் பிளக்கில் தண்ணீர் மோட்டாரும் மைக்கும் மட்டும் இருக்கட்டும்.