பெட்டியில் அச்சடிக்காத விலை

50 மெகாபிக்சல் என்று அச்சடிக்க இடம் இருக்கிறது. 67 வாட், 120 ஹெர்ட்ஸ், 4,500 நிட்ஸ், ஐபி68 என்று பெட்டியின் நாலு பக்கமும் எண்களைக் கொட்டிவைக்க இடம் இருக்கிறது. போன் கம்பெனிக்காரர்களே, திரை போனால் மாற்ற எவ்வளவு ஆகும் என்ற ஒரே ஒரு எண்ணைப் போட மட்டும் உங்களுக்கு இடம் கிடைக்கவில்லையா?

22,000 ரூபாய். உங்கள் பாஷையில் இது ‘மிட் ரேஞ்ச்’. லட்ச ரூபாய் போனைப் பக்கத்தில் நிறுத்தி இதைச் சல்லிசு என்று காட்டுகிறீர்கள். என் கணக்கைக் கேளுங்கள். ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் வைத்த பிளவுஸுக்குக் கூலி 350 ரூபாய். நூல், ஹூக், கரண்ட் பில், கடை வாடகை எதையும் கழிக்காமல் பார்த்தாலே உங்கள் சல்லிசு போனுக்கு 63 பிளவுஸ் தைக்க வேண்டும். முதுகு வலி இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆடம்பரத்துக்கு வாங்கினாளா என்று யாரும் கேட்க வேண்டாம். கழுத்து மாடல் வாட்ஸ்அப்பில் வருகிறது. அளவு அதில் வருகிறது. கூலி ஜீபேயில் வருகிறது. சிலிண்டர் புக் செய்வதும், பேங்க் ஓடிபி வாங்குவதும், பிள்ளையின் பள்ளிக்கூடத் தகவல் பார்ப்பதும் போனில்தான். தையல் மெஷின் நின்றால் ஒரு நாள் கைத்தையல் போட்டுச் சமாளிப்பேன். போன் நின்றால் கடையே நின்றுவிடும். அதனால்தான் பத்தாயிரம் ரூபாய் போனை விட்டுவிட்டு, நாலு வருஷம் உழைக்கட்டும் என்று மேலே போட்டுக் கொடுத்தேன்.

வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் ஓர் அப்டேட் வந்தது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திரையின் இடது பக்கம், மேலிருந்து கீழ் வரை, முடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. போன் கீழே விழவில்லை. தண்ணீர் படவில்லை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அடுத்த வாரம் அதன் பக்கத்தில் ஒரு ரோஸ் கோடு. வாடிக்கையாளர் அனுப்பும் மாம்பழக் கலர் புடவை, என் திரைக்கு வரும்போது பச்சைக்கரை கட்டிக்கொண்டு வருகிறது. கரைக்கு மேட்சாக நூல் எடுத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய கேலி உண்டா?

சர்வீஸ் சென்டர் மதுரையில். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பையன் போனைத் திருப்பிப் பார்த்து, நம்பரைத் தட்டினார்.

“வாரண்டி முடிஞ்சிருச்சு மேடம். டிஸ்ப்ளே மாத்தணும். 9,400 ஆகும், ஜிஎஸ்டி தனி.”

“தம்பி, நீங்க அனுப்புன அப்டேட் போட்ட அப்புறம்தானே வந்துச்சு?”

“அதுக்கு ப்ரூஃப் இல்லையே மேடம்.”

18 சதவீத வரியும் சேர்ந்தால் 11,092 ரூபாய். போன் விலையில் சரிபாதி. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைப்போல் எத்தனை பேருக்கு அவர் அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருப்பாரோ! கோபமெல்லாம் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான். ப்ரூஃப் என்னிடம் கேட்கிறீர்கள். அப்டேட்டை எழுதியது நீங்கள், அனுப்பியது நீங்கள், என் போனுக்குள் என்ன நடந்தது என்ற பதிவை வைத்திருப்பதும் நீங்கள். தையல்காரியிடம் எங்கிருந்து ப்ரூஃப் வரும்?

இந்தப் பச்சைக் கோடு எனக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. அமோலெட் திரை வைத்த போன்களில் பல கம்பெனிக்காரர்களிடமும் வந்த புகார் இது. சில நிறுவனங்கள் சில மாடல்களுக்குத் திரையை இலவசமாக மாற்றித் தந்ததும் உண்டு. அப்படியென்றால் குறை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் எந்த மாடல், எந்தத் தேதிக்குள் என்று கோடு கிழிப்பதும் அவர்களே. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு 11,092 ரூபாய் பில்.

எங்கள் ஊர் பஜாரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பி லென்ஸ் மாட்டிப் பார்த்தார். “ஓரத்துல இருக்கிற பாண்டிங் விட்டுருச்சுக்கா. ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லி காம்போ வரவைக்கலாம். ஒரிஜினல் கிடைக்கிறது கஷ்டம். இன்செல் போட்டா கம்மில முடியும், ஆனா ஃபிங்கர் பிரிண்ட் போயிடும்.” கைரேகை பார்க்கும் கண் அமோலெட் திரைக்குப் பின்னால் இருந்து, திரை வழியாகப் பார்க்கிறது. இன்செல் என்பது எல்சிடி. அதற்குப் பின்னால் விளக்குத் தகடு இருப்பதால் அந்தக் கண் மறைந்துபோகும். ஆக, 22,000 ரூபாய் கொடுத்து வாங்கிய போனை எட்டாயிரம் ரூபாய் போனாக இறக்கிக்கொண்டால் பிழைக்கலாம். இதுதான் எனக்குக் கிடைத்த மலிவான நீதி.

இப்போது சொல்லுங்கள், ஒரு போன் காசுக்குத் தகுந்ததா என்று நான் எதை வைத்து முடிவு செய்திருக்க வேண்டும்?

துணி என்றால் என்னை ஏமாற்ற முடியாது. வெளிச்சத்தில் பிடித்தால் இழை நெருக்கம் தெரியும். ஓரத்தில் ஒரு நூலை உருவினால் பருத்தியா, கலப்பா என்று கை சொல்லும். ஒரு முழம் நனைத்துக் காயப்போட்டால் சுருங்குமா, சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். உங்கள் போனில் நான் எதை நனைத்துப் பார்ப்பது? கண்ணாடியை ஒட்டிப் பசையால் மூடி, உள்ளே இருப்பதை எண்களாக மட்டும் காட்டுகிறீர்கள்.

அந்த எண்களின் லட்சணத்தையும் இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். 50 மெகாபிக்சல் கேமரா, நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சாதாரணமாக எடுப்பது 12.5 மெகாபிக்சல் படம். பின்னால் வட்டமாக இருக்கும் இன்னொரு கண், பேருக்கு ஒட்டிய 2 மெகாபிக்சல் மேக்ரோ. என் ஊசித் தையலைக்கூட அது தெளிவாக எடுக்காது. ‘8 ஜிபி + 8 ஜிபி ரேம்’ என்பதில் இரண்டாவது 8, ரேமே கிடையாது. சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது, ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. 4,500 நிட்ஸ் வெளிச்சம் திரையில் ஒரு சின்னத் துண்டில், குறிப்பிட்ட வீடியோக்களில் வந்துபோவது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவளுக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். எதுவும் பச்சைப் பொய் இல்லை. எல்லாம் வக்கீல் பார்த்துச் சரிசெய்த அரை உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். விளம்பரத்தில் போனைத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் வாரண்டித் தாளில், தண்ணீரால் கெட்டால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்தால் வாரண்டி போச்சு. ஒரு கையால் தண்ணீரில் போடு என்று காட்டிவிட்டு, மறு கையால் ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிற இந்தச் சாமர்த்தியத்தை வெளிநாட்டில் சும்மா விடவில்லை. தண்ணீர் விளம்பரத்துக்காகச் சாம்சங்குக்கு 2022-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஐபோன் தண்ணீர் தாங்கும் என்று சொல்லிவிட்டு வாரண்டி மறுத்ததற்காக ஆப்பிளுக்கு 2020-ல் இத்தாலி ஒரு கோடி யூரோ போட்டது.

அப்டேட் விஷயத்திலும் அதே இத்தாலிதான் முன்னால் நின்றது. கேலக்ஸி நோட் 4 வைத்திருந்தவர்களை, அதைவிடப் புதிய போனுக்காகச் செய்த மென்பொருளைப் போட வைத்து, போன் தடுமாறியதும் வாரண்டி முடிந்தவர்களிடம் பழுதுபார்க்கப் பெரும் தொகை கேட்டதாக 2018-ல் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாடும் மாடலும்தான் வேறு. மதுரையில் நான் கேட்ட வசனம் அங்கேயும் ஓடியிருக்கிறது.

விலையாவது ஒழுங்கா? விளம்பரத்தில் 19,999. கீழே நட்சத்திரக் குறி. அந்த விலை, குறிப்பிட்ட பேங்கின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு, பழைய போனைக் கொடுப்பவருக்கு, முதல் நாள் வாங்குபவருக்கு. தையல்காரிக்கு எந்த பேங்க் கிரெடிட் கார்டு கொடுக்கிறது? வசதி இருப்பவன் குறைத்து வாங்குகிறான், இல்லாதவள் முழு விலை கொடுக்கிறாள். யூடியூபில் பேசுகிறவர்கள் அந்த நட்சத்திர விலையை வைத்துக்கொண்டு ‘இந்தக் காசுக்கு இது ஓகே’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது கம்பெனி அனுப்பிய புதுப் போன், வாரக் கணக்கில் பழகியது. என்னோடது போன்ற போன் வாரண்டி முடிந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? அதற்குள் அடுத்த லாஞ்ச் வந்துவிடுகிறது.

அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் வரி இறங்கியபோது செல்போன் 18-லேயே நின்றது. என் 22,000 ரூபாயில் 3,356 ரூபாய் வரி. வரி கட்டியவளைக் காக்க அரசாங்கம் என்ன வைத்திருக்கிறது? 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தார்கள். பழுதுபார்க்க எளிதா, கடினமா என்று போனுக்கு மதிப்பெண் போடும் யோசனையைக் குழு ஒன்று 2025 மே மாதம் அறிக்கையாகவும் கொடுத்தது. நான் வாங்கிய பெட்டியில் அப்படி ஒரு மதிப்பெண் இல்லை.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும், உதிரிபாக விலையை எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று லேபிள் ஒட்ட வேண்டும். அங்கே இதையெல்லாம் செய்கிற அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிகிறது, இங்கே முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? கேட்க ஆள் இல்லாத சந்தை என்று எங்களை எடைபோட்டு வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் நெஞ்சில் குத்துகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை வந்த காலத்திலிருந்து போன் பூட்டுவது எங்கள் பிள்ளைகளுக்குக் கைவந்த வேலை. 2014-ல் அந்த ஆலை மூடியது. பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. இன்றும் தென்மாவட்டப் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி, ஷிப்டுக்கு பஸ் ஏறிப் போய் போன் பூட்டுகிறார்கள். புதுப் போன் செய்ய இந்த ஊர் வேண்டும். பழைய போனுக்கு ஒரு திரை கேட்டால் மட்டும், “பார்ட் மேலேருந்து வரணும் மேடம்.”

போன் முழுக்க எனதாகவும் இல்லை. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் கடன் வேண்டுமா என்கிறது. லாக் ஸ்கிரீனில் நான் கேட்காத செய்தி, கேட்காத விளையாட்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளின் முகப்பை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அந்த வாடகையில் எனக்குப் பங்கும் இல்லை.

சலுகை கேட்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் நாலே வரி அச்சடியுங்கள். திரை மாற்ற என்ன விலை. பேட்டரி மாற்ற என்ன விலை. உதிரிபாகம் எந்த வருஷம் வரை கிடைக்கும். அப்டேட் எந்த மாதம் வரை வரும், அதைப் போட்டுப் போன் கெட்டால் யார் பொறுப்பு. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு வாங்கலாமா, வேண்டாமா என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

அது வரும்வரை சும்மா இருக்கப் போவதும் இல்லை. ஜாப் ஷீட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கோடு விழுந்த திரையின் படமும், அப்டேட் போட்ட தேதியும், பில்லும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நானே நின்று பேசலாம். கம்பெனிக்காக வருகிறவர் கோட்டு போட்டுக்கொண்டு வரட்டும். எண்களைப் பற்றி நிறையப் பேசட்டும். நான் அவரிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு நீங்கள் எனக்கு விற்றது எத்தனை வருஷத்துப் பொருள்? வாங்குகிற அன்றைக்கே ஏன் அதைச் சொல்லவில்லை?