பஸ்ஸும் நாற்காலியும்

ஒரகடம் ரோட்டில் காலையில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாய்ப் போகின்றன. எந்தத் தெருக்காரனும் எந்தத் தெருக்காரன் பக்கத்திலும் உட்கார்ந்து போகின்றான். "காலம் மாறிவிட்டது, இனியும் சாதியைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில மேதாவிகள் நம்மைக் கேட்கின்றார்கள். காலம் தானாக மாறிற்றா, மாற்றப்பட்டதா என்று நாம் அவர்களைக் கேட்கின்றோம்.

தோழர்களே! ஒரு காலத்தில் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தார்கள். பாம்பன் தீவையும் சேர்த்திருந்த ராமநாதபுரம் ஜில்லாவின் போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். எந்தச் சாமியும் குறுக்கே வரவில்லை. எந்தச் சாஸ்திரமும் லைசென்சைக் காப்பாற்றவில்லை. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. ஸ்ரீபெரும்புதூர் அன்று அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் இருந்தது. அவரை மகானென்று கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. உள்ளூர்ப் பதவியென்பது கோவிலில் பரிவட்டம் கட்டிக்கொள்வதற்கல்ல, இம்மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவதற்கே என்றுதான் சொல்லுகின்றோம்.

இந்தச் சங்கதி நம்மைவிட சாதி வெறியர்களுக்கு நன்றாய்த் தெரியும். 1996-ல் மதுரை ஜில்லா மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் துணிந்து நின்றார், வென்றார். 1997 ஜூன் 30-ல் அவர் வந்த பஸ்ஸை மறித்து, அவரையும் அவரோடு இருந்த வேறு சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததற்காகவா? இல்லை, நாற்காலியில் உட்கார வந்ததற்காக! 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ல் அவர்களில் 13 பேரை அரசாங்கமே முன்கூட்டி விடுதலை செய்தது.

மதுரை தூரம் என்பீர்களோ? பக்கத்துத் திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில், 2020-ல் சுதந்திர தினத்தன்று, தாழ்த்தப்பட்ட பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு கலெக்டர் முன்னிலையில்தான் ஏற்ற முடிந்தது. கொடிக்கம்பத்துக்கே இந்தக் கதியென்றால் சுதந்திரம் யாருக்கு வந்தது?

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகின்றவரிடம் கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு தருவாய் என்று கேளாதீர்கள். "சேரியிலிருந்து ஒருவர் தலைவராய் வந்தால் எழுந்து நின்று நாற்காலி கொடுப்பாயா? பொதுக் குழாயும் பொதுச் சுடுகாடும் எல்லோருக்கும் என்று கையெழுத்துப் போடுவாயா?" என்று கேளுங்கள். விழிக்கின்றவர் எந்தச் சாதிக்காரராயினும், எந்தக் கட்சிக்காரராயினும், அவருக்கு உங்கள் ஓட்டு எதற்கு?