120 என்றால் வாங்கிவிட வேண்டுமா?

"இது 60 ஹெர்ட்ஸ். அது 120 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கூடப் போட்டு 120-ஐ எடுத்துப் போங்கள். கண்ணுக்கு நல்லது!"

டெலிவிஷன் கடைகளில் இப்படிச் சொல்கிறார்கள். அந்தக் "கொஞ்சம்" சில நேரம் பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. உப்பளத்தில் வெயில் காய்ந்து சம்பாதித்த பணம் அல்லவா? கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

தூத்துக்குடி முயல் தீவில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. கடலில் இருப்பவர்களுக்கு அதன் ஒளி விட்டு விட்டுத் தெரியும். அதுவே வினாடிக்கு 50 தடவை மின்னினால்? ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தோன்றும். கண்ணின் வேகம் அவ்வளவுதான்!

டெலிவிஷனும் அப்படித்தான். திரையில் அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. கண் அதை அசைவு என்று நம்பிவிடுகிறது. வினாடிக்கு எத்தனை தடவை திரை படத்தைப் புதுப்பிக்கிறதோ, அத்தனை ஹெர்ட்ஸ்.

இந்திய மின்சாரத்துக்கும் 50 ஹெர்ட்ஸ் கணக்கு உண்டு. 1979-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் சுழலிகள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுபவை. அதாவது வினாடிக்கு 50! டெலிவிஷனுக்கும் அதே எண்ணை வைத்தார்கள். இலங்கையிலும் 50தான். அதனால்தான் 1982-ல் அங்கே ரூபவாகினி தொடங்கியதும், இந்தக் கரையில் உயரமான கம்பம் நட்டு, இங்குள்ள பெட்டியிலேயே அதைப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் 60.

படம் எங்கிருந்து வரும்?

சினிமா எடுப்பது வினாடிக்கு 24 படம். செய்தியும் தொடரும் பெரும்பாலும் 25 அல்லது 50. வருவதே அவ்வளவு என்றால், 120 பெட்டி என்ன செய்யும்? வந்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். அல்லது நடுவில் தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகும். அப்போது நல்ல சினிமாகூட மெகா தொடர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்!

120 வீண் என்பதல்ல. வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். சினிமாவுக்கும் ஒரு சின்ன லாபம் உண்டு: 24-ஐ ஐந்தால் பெருக்கினால் சரியாக 120. 60-ல் அந்தக் கணக்கு ஒட்டாது.

ஆனால் செய்தியும் சீரியலும் பார்க்கும் குடும்பத்துக்கு 60 போதும். கண் வலி என்ற பயமும் வேண்டாம். பழைய குழாய்ப் பெட்டியில் ஒவ்வொரு படமும் மின்னி மங்கியது. இன்றைய தட்டைத் திரையில் அடுத்த படம் வரும்வரை முந்தின படம் அப்படியே நிற்கிறது.

பெட்டியில் "மோஷன் ரேட் 240" என்று அச்சடித்திருந்தால் மயங்க வேண்டாம். "திரையின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். பல பெட்டிகளில் அது 60 ஆகத்தான் இருக்கும்!

கம்ப்யூட்டர் திரையில் வேறொரு வேடிக்கை. 144 ஹெர்ட்ஸ் திரைக்குப் பணம் கொடுத்து வாங்குவார்கள். செட்டிங்ஸில் அதை மாற்றாததால், அது மாதக்கணக்கில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும்!