எடையும் ஒரு கணக்கே

மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருபுவனை வரதராஜப் பெருமாள் திருக்கோயில், சோழர் காலக் கல்விச்சாலை ஒன்றின் செய்தியைக் கல்வெட்டில் காத்து நிற்கிறது. முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில், அங்கு 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களுடைய உணவுக்கென நெல் அளந்து தரப்பட்டது. இடும் உணவை அளந்தது அக்காலம். உண்ட உணவு உடலில் சேர்ந்ததா என்று பார்ப்பது இக்கால மருத்துவம். அதற்கான எளிய கருவி எடைப்பொறி.

“ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள்?” என்று கேட்டால், “வயதாகிவிட்டது, ஏகாதசி விரதமும் இருக்கிறேன்” என்பதே பெரியவர்கள் பலரின் விடை. ஆனால், வழக்கம்போல் உண்டும் எடை குறைந்துகொண்டே வந்தால் அது விரதத்தின் பலன் அன்று. முதுமையின் இயல்பென்று விட்டுவிடுவதற்கும் இல்லை. சர்க்கரை நோய், காசநோய், தைராய்டுக் கோளாறு, புற்றுநோய், பல் இழப்பு, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். கொழுப்போடு தசையும் கரைவதால் நடை தளரும்; விழுந்தால் எழுவது அரிதாகும்; புண் ஆறவும் நாளாகும்.

எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, முன்பிருந்த எடையில் அது எத்தனை விழுக்காடு என்பதே முக்கியம். 80 கிலோ உடையவருக்கு 3 கிலோ குறைந்தால் அது 4 விழுக்காட்டுக்கும் கீழே. 50 கிலோ உடையவருக்கோ அதே 3 கிலோ 6 விழுக்காடு. முயற்சி ஏதுமின்றி ஆறு மாதத்தில் 5 விழுக்காடு குறைந்தால் மருத்துவரைக் காண வேண்டும். 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மாதந்தோறும் அமாவாசையன்று காலை, உண்பதற்கு முன், அதே எடைப்பொறியில் நிறுத்துக் குறித்து வைப்பது நல்லது. எடைப்பொறி இல்லாத வீட்டில் விரலில் கழலும் மோதிரமும், தளரும் அரைஞாணும், தொளதொளக்கும் இரவிக்கையும் அதே செய்தியைச் சொல்லும்.

எடை கூடுவதெல்லாம் நலமும் அன்று. காலிலோ வயிற்றிலோ நீர் கோத்தால், உடல் மெலிந்திருந்தும் எடைப்பொறி அதைக் காட்டாது. இதய நோயுள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கஞ்சியோடு நிறுத்திவிடாமல் பருப்பு, பால், தயிர், சுண்டல் ஆகியவற்றையும் சிறிது சிறிதாகப் பல வேளையாக உண்பது தசையைக் காக்கும். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். மருத்துவரிடம் செல்கையில் எடை குறித்த ஏட்டையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். “கொஞ்சம் இளைத்திருக்கிறேன்” என்ற சொல்லைவிட, ஆறு மாத எடைக் கணக்கு அவருக்குத் தெளிவாக வழிகாட்டும்.